ராகம் தெரியாதவர் புது இசையை ரசிக்க முடியுமா?

கேள்வி கேட்ட தம்பி தொண்டிப் பக்கம் என்று எழுதியிருக்கிறார். பெங்களூரில் வேலை பார்க்கும் நண்பர் அவரை ஒரு கச்சேரிக்கு அழைத்துப் போயிருக்கிறார். மேடையில் ஒரு சாக்ஸபோன், ஒரு மிருதங்கம், ஒரு கித்தார், அப்புறம் மடிக்கணினியை வைத்துக்கொண்டு ஏதேதோ ஒலி எழுப்பிய ஒருவர். பாட்டு எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்றே தெரியவில்லையாம். ஆனால் இரண்டு மூன்று இடங்களில் மயிர்க்கூச்செறிந்தது. ஊருக்கு வந்து அதே குழுவை யூடியூபில் தேடிக் கேட்டால் ஒன்றுமே ஏறவில்லை. கூட்டாளிகளிடம் போட்டுக் காட்டினால் சிரிக்கிறார்கள். "ராகம் தாளம் படித்தால்தான் இதெல்லாம் புரியுமா அண்ணே? நம்ம கரையில் இந்த மாதிரி கேட்க எதாவது இருக்கிறதா, இல்லை சென்னைக்குத்தான் போகணுமா?" என்று கேட்கிறார். படித்துப் பார்த்தபோது அவருடைய உண்மையான சந்தேகம் இன்னும் அடியில் இருப்பதாக எனக்குப் பட்டது. புரியாத ஒன்று எப்படிப் பிடித்தது, அது மறுபடி நடக்க என்ன செய்யவேண்டும் என்பதுதான் அது. அதற்கே பதில் எழுதுகிறேன். ராகத்துக்கும் ஊருக்குமான விடை அதற்குள்ளேயே வந்துவிடும்.

நான் மிருதங்கம் படித்தவன். சபாவில் வாசித்ததைவிட நாடக மேடையில் வாசித்ததுதான் அதிகம். மாசி பிறந்ததிலிருந்து ஆடி வரைக்கும் இந்த ராமநாதபுரம் மாவட்டத்திலும் சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கமும் திருவிழா நாடகங்கள். இடையில் தேவாலயத் திருநாள், கல்யாணம், அழைத்தால் சென்னை. கர்நாடக இசை, நாடக இசை, மேளம் பற்றி நான் சொல்வதை மேடையின் பக்கவாட்டிலிருந்து பார்த்துச் சொல்வதாக எடுத்துக்கொள்ளலாம். ஜாஸ், மேலைச் செவ்விசை, மின்னணு இசை பற்றிச் சொல்வது ஒரு ரசிகனின் பேச்சு, அவ்வளவுதான். அவற்றை நான் வாசித்தவன் இல்லை.

அந்த இரண்டு மூன்று இடங்களைப் பற்றி முதலில் பேசுவோம். அந்தக் கச்சேரியை நான் கேட்கவில்லை. இருந்தாலும் அந்த இடங்களில் என்ன நடந்திருக்கும் என்று என்னால் ஓரளவு சொல்ல முடியும். யாரோ ஒருவர் ஒத்திகையில் இல்லாத ஒன்றை வாசித்திருப்பார். மற்றவர்கள் அதைக் கேட்டுத் திடுக்கிட்டு, அரை நொடிக்குள் ஒரு முடிவெடுத்து, கூடவே போயிருப்பார்கள். அந்த அரை நொடியில் மேடை மொத்தமும் கயிற்றின்மேல் நின்றிருக்கும். அதைத்தான் உங்கள் உடம்பு கண்டுகொண்டது. அந்த ஆபத்தை உணர ராகத்தின் பெயர் வேண்டியதில்லை. அடுத்து என்ன வரவேண்டும் என்று காது தானாக ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தால் போதும். அந்தக் கணக்கு எல்லோரிடமும் இருக்கிறது. சினிமாப் பாட்டு மட்டும் கேட்டு வளர்ந்தவரிடமும் இருக்கிறது. இல்லையென்றால் பல்லவி திரும்பி வரும்போது கூட்டம் சரியாகச் சேர்ந்து பாடாது.

இதைக் கையாலேயே செய்து பார்க்கலாம். ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை. தொடையில் ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். அப்புறம் ஒரு தட்டு ஒரு வீச்சு, மறுபடி ஒரு தட்டு ஒரு வீச்சு. ஒரு சின்னக் குழந்தை பத்து நிமிடத்தில் பிடித்துவிடும். அடுத்த முறை கர்நாடகக் கச்சேரிக்குப் போனால், பாடகர் நிறுத்திவிட்டு மிருதங்கத்துக்கு இடம்விடும் தனி ஆவர்த்தனம் வரைக்கும் காத்திருங்கள். (அந்த நேரத்தில்தான் பாதிச் சபை காப்பி குடிக்க எழுந்து போகும். நல்லது, முன் வரிசையில் இடம் கிடைக்கும்.) வாசிப்பவர் எட்டை மூன்றாகவும் ஐந்தாகவும் ஏழாகவும் உடைத்து எங்கெங்கோ போவார். உங்கள் கை மட்டும் எட்டைப் போட்டுக்கொண்டே இருக்கட்டும். குறைப்பில் மிருதங்கமும் கடமும் மாறிமாறிப் பேசும்போது சொற்கள் சுருங்கிக்கொண்டே வரும். கடைசியில் கோர்வை, ஒரே சொற்கட்டு மூன்று முறை வந்து, பாட்டு எடுக்கும் இடத்தில் போய்ச் சரியாக விழவேண்டும். கை தாளம் போட்டுக்கொண்டிருந்தால், அது விழுமா விழாதா என்ற பதற்றம் வாசிப்பவருக்கும் உங்களுக்கும் ஒன்றாகவே இருக்கும். விழுந்தவுடன் தலை தானாக ஆடும். கேள்வி ஞானம் என்று பெரியவர்கள் சொல்வதில் பாதி இந்தப் பதற்றத்தில் பங்கு கொள்வதுதான் என்பேன்.

சரி, இது நம் கரையில் எங்கே கிடைக்கும்? என்னைக் கேட்டால் முதலில் வள்ளி திருமணம் நாடகத்துக்குப் போகச் சொல்வேன். சிரிக்க வேண்டாம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வழிவந்த இந்த நாடகங்களை ஸ்பெஷல் நாடகம் என்போம். இதில் நிரந்தரக் கம்பெனி கிடையாது. ராஜபார்ட் (நாயக வேடம்) ஒரு ஊர், ஸ்திரீபார்ட் (நாயகி வேடம்) ஒரு ஊர், பபூன் (கோமாளி) ஒரு ஊர், ஆர்மோனியம் ஒரு ஊர். தனித்தனியாகப் பேசி அட்வான்ஸ் கொடுத்து வரவழைப்பார்கள். சில சமயம் முருகனும் வள்ளியும் ஒருவரை ஒருவர் முதன்முதலாகப் பார்ப்பதே அன்று இரவு ஒப்பனை அறையில்தான். ஒத்திகை கிடையாது. கதை எல்லோருக்கும் தெரியும், பாட்டுகளும் பெரும்பாலும் தெரியும். ஆனால் எந்தப் பாட்டை, எந்தச் சுதியில், எத்தனை அடி பாடுவார், எங்கே வசனத்துக்குத் தாவுவார் என்பது மேடையில்தான் தெரியவரும்.

அதில் உச்சம் தர்க்கம். தினைப்புனத்தில் நாரதர் வந்து வள்ளியைக் கேள்வி கேட்பார். கேள்வி விருத்தமாக, அதாவது ராகத்தில் பாடும் செய்யுளாக வரும், பதில் விருத்தமாகவே போகவேண்டும். இருவரும் தேர்ந்தவர்களாக இருந்தால் இது ஒரு மணி நேரம் தாண்டியும் ஓடும். நாரதர் திடீரென ராகத்தை மாற்றுவார். ஆர்மோனியக்காரர் அவர் வாயைத் திறந்த முதல் எழுத்திலேயே அதைப் பிடிக்கவேண்டும். விருத்தத்துக்குத் தாளம் இல்லை. அது எங்கே முடிந்து எங்கே பாட்டாக மாறும் என்று கணித்து, சரியான இடத்தில் மிருதங்கம் விழவேண்டும். நாங்கள் பாடுபவரின் வாயைப் பார்ப்பதில்லை, தோளைத்தான் பார்ப்போம். மூச்சு இழுக்கும்போது தோள் ஏறும், அதில் தெரிந்துவிடும். கூட்டமும் சும்மா இருக்காது. பதில் நன்றாக விழுந்தால் ரூபாய் நோட்டைச் சட்டையில் குத்துவார்கள், சொதப்பினால் பின்வரிசையிலிருந்து ஒரு வார்த்தை வரும். பெங்களூர் மேடையில் நடந்த அதே சங்கதிதான் இங்கே மண்ணில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவர்கள் முன்னால் நடக்கிறது. உள்ளூர்க்காரர்கள் இதை ஒரு பெரிய இசைச் சாகசம் என்று நினைப்பதில்லை. வெளியூர்க்காரர்கள் இப்படி ஒன்று இருப்பதையே அறிவதில்லை.

இப்போது பல மேடைகளில் ஆர்மோனியத்தோடு கீபோர்டும் வந்துவிட்டது, பபூன் காட்சியில் சினிமாப் பாட்டு நிறைய. பழைய ஆட்கள் வருத்தப்படுகிறார்கள். எனக்கு அவ்வளவு வருத்தம் இல்லை. ஆர்மோனியமே வெளியிலிருந்து வந்த பெட்டிதானே. எந்தக் கருவியாக இருந்தால் என்ன, மேடையில் இருப்பவர் எதிராளியைக் கேட்கிறாரா என்பதுதான் எனக்கு அளவுகோல். முன்கூட்டியே பதிந்த தாளத்தைப் பொத்தானை அழுத்தி ஓடவிட்டு அதன்மேல் பாடுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குச் சப்பென்று ஆகிவிடும். பதிவுத் தாளம் யாருக்காகவும் காத்திருக்காது.

இந்த ஊருக்கும் நீங்கள் கேட்ட அந்த எல்லை தாண்டும் இசைக்கும் உறவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். கித்தார்க் கலைஞர் ஜான் மெக்லாலின், வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம் ஆகியோர் சேர்ந்த சக்தி குழுவைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1975-ல் நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் ஒரு கல்லூரியில் அவர்கள் வாசித்ததைப் பதிந்துதான் 1976-ல் முதல் இசைத்தட்டு வந்தது. அதில் மிருதங்கம் வாசித்தவர் ராமநாதபுரம் ராகவன். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் சொல்லிக்கொடுத்தவர். அவருடைய அண்ணன் ராமநாதபுரம் கிருஷ்ணனும் (1918–1973) அங்கே பாட்டு கற்பித்திருக்கிறார். ஜாஸில் ஊறிய கித்தாரும் தென்னாட்டுத் தாளமும் மோதிப் பார்த்த முதல் பெரிய மேடைகளில் ஒன்றில், பெயரோடு நம் ஊரைச் சுமந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அதற்கு முன்னாலும் ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளின் அரண்மனை இசைக்காரர்களை ஆதரித்த இடம்தான். இன்று மரபு என்று நாம் வணங்கும் கச்சேரி வரிசை, அதாவது வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான உருப்படிகள், நடுவில் கனமான ஒன்று, தனி, கடைசியில் துக்கடாக்கள் எனப்படும் சின்ன உருப்படிகள் என்ற அமைப்பு, அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) கொடுத்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். அவருக்குக் குரு ராமநாதபுரம் ஸ்ரீநிவாச ஐயங்கார், பூச்சி ஐயங்கார் என்றால் எல்லோருக்கும் தெரியும். அந்த வரிசை ஒரு காலத்தில் புதுசாக இருந்தது. பிறகு வந்த சங்கரசிவம், முருகபூபதி சகோதரர்களில் ஒருவர் பாட்டு, ஒருவர் மிருதங்கம். சங்கரசிவத்திடம் படித்தவர்தான் பாடகர் மதுரை டி.என். சேஷகோபாலன். இப்படி ஒரு நீண்ட கோடு இருக்கிறது.

கூட்டாளிகள் சிரிக்கிறார்கள் என்றீர்களே, அதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1959 நவம்பரில் ஆர்னெட் கோல்மன் என்ற சாக்ஸபோன்காரர் நியூயார்க்கில் ஒரு சின்ன இசை விடுதியில் வாசிக்கத் தொடங்கியபோது, ஜாஸ் கலைஞர்களே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். மேதை என்றார்கள் சிலர், ஏமாற்று என்றார்கள் சிலர். கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனில் கர்நாடக இசை வாசிக்க வந்தபோதும் முகம் சுளித்தவர்கள் உண்டு. எதிர்த்திசையில் சார்லி மரியானோ என்ற அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் நம் நாகஸ்வரத்தைக் கற்றுக்கொண்டு தன் ஜாஸில் வாசித்தார். ஆகவே சாக்ஸபோனும் மிருதங்கமும் ஒரே மேடையில் இருந்தது விநோதம் இல்லை, அந்தப் பாதை ஏற்கெனவே தேய்ந்த பாதை.

ஜாஸ் கேட்க ஒரே ஒரு குறிப்பு தருகிறேன், எனக்கு உதவியது இதுதான். முதலில் எல்லோரும் சேர்ந்து ஒரு மெட்டை வாசிப்பார்கள். அது முடிந்ததும் ஒவ்வொருவராகத் தனியே போவார்கள். அப்போதும் அந்த மெட்டின் அடிச்சட்டம், பெரும்பாலும் 12 அல்லது 32 அளவுகள் (சின்னத் தாளச் சுற்றுகள்), அடியில் சுற்றிக்கொண்டே இருக்கும். மெட்டை மனதுக்குள் மெல்லப் பாடிக்கொண்டே தனி வாசிப்பைக் கேளுங்கள். நம் நிரவலில் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டே பாடகர் எங்கெங்கோ போய் அந்த வரிக்கே திரும்புவது போலத்தான் இதுவும். கடைசியில் மெட்டு திரும்பும்போது ஊர் வந்து சேர்ந்த நிம்மதி வரும். மெட்டே இல்லாமல், சட்டமே இல்லாமல் வாசிப்பவர்களும் இருக்கிறார்கள். அங்கே நான் யார் யாருக்கு வழிவிடுகிறார், யார் விடாப்பிடியாக நிற்கிறார் என்று மட்டும் பார்ப்பேன். பேச்சுவார்த்தை புரியாத மொழியில் நடக்கும்போது முகத்தைப் பார்த்தே சண்டையா சமாதானமா என்று தெரியுமல்லவா, அந்த மாதிரி.

இனி எது உறுதி, எது சந்தேகம் என்பதற்கு வருகிறேன், ஏனென்றால் இசையின் இன்பம் பற்றி நிறைய அளக்கிறார்கள். கனடாவின் மான்ட்ரியலில் ராபர்ட் சட்டோர் குழுவினர் 2011-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பிடித்த இசையில் சிலிர்ப்பு வரும்போது மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புள்ள டோபமின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது, அந்த இடம் வரப்போகிறது என்று காத்திருக்கும்போதே சுரக்கத் தொடங்கிவிடுகிறது என்று அதில் காட்டினார்கள். காது போடும் கணக்கையும் காத்திருக்கும் பதற்றத்தையும் பற்றி நான் மேலே சொன்னதற்கு இது ஒத்துவருகிறது. ஆனால் அதில் கலந்துகொண்டவர்கள் கேட்டது அவரவர் கொண்டுவந்த, ஏற்கெனவே பிடித்த இசை. உங்களுக்கு நடந்ததோ முன்பின் கேட்டிராத இசையில். 2013-ல் அதே குழு முன்பு கேட்டிராத பாட்டுத் துண்டுகளைக் கொடுத்து, எதை வாங்க எவ்வளவு காசு தருவீர்கள் என்று கேட்டுப் பார்த்தது. அதிகக் காசு தரத் துணிந்த துண்டுகளில், மூளையின் இன்பப் பகுதியும் கேட்டறியும் பகுதியும் கூடுதலாகச் சேர்ந்து வேலை செய்தன. இதுவரை கேட்டுச் சேர்த்து வைத்ததை வைத்துத்தான் புதியதை எடைபோடுகிறோம் என்று அவர்கள் விளக்குகிறார்கள். இது வரைக்கும் உறுதி. இரண்டு ஆய்வுகளும் ஆளை மூளையைப் படமெடுக்கும் கருவிக்குள் படுக்கவைத்துச் செய்தவை. கூட்டத்தின் நடுவே, வியர்வையோடு, நேரில் கேட்கும்போது கிடைப்பது பற்றி நான் சொல்வதெல்லாம் அனுபவம்தான், ஆய்வு முடிவு இல்லை.

இந்த ராகம் இந்த நோயைத் தீர்க்கும் என்று வாட்ஸப்பில் சுற்றும் பட்டியல்களை நம்ப வேண்டாம். மனம் இளகும், வலி சற்று மறக்கும், அது உண்மை. இன்ன ராகத்துக்கு இன்ன வியாதி என்று ஜோடி சேர்ப்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் கிடையாது. முத்துசுவாமி தீட்சிதர் எட்டயபுரம் பக்கம் காய்ந்த பூமியைப் பார்த்து அமிர்தவர்ஷினி பாடி மழை வந்த கதை, நம் வறட்சி மாவட்டத்துக்காரர்களுக்கு ரொம்பப் பிடித்த கதை. எனக்கும் பிடிக்கும். கதையாகப் பிடிக்கும்.

அதே குழு யூடியூபில் ஏன் ஏறவில்லை? ஒரு காரணம், பதிவில் ஆபத்து முடிந்துபோய்விட்டது. விழுந்தார்களா தப்பித்தார்களா என்பது தீர்ந்த கதை. இன்னொரு காரணம் வெறும் ஒலி சம்பந்தப்பட்டது. கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியில் மிருதங்கத்தின் இடந்தலை, அதாவது தொப்பி, கேட்கவே கேட்காது. தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்பி எடுக்கும் அந்தக் கும்காரம் காதுக்கு வருவதற்கு முன் நெஞ்சுக்கு வரும். அதை அந்தப் பெட்டி தராது. போதாததற்குக் கருவிகளும் உயிருள்ளவை மாதிரி நடந்துகொள்ளும். கடல் காற்றில் ஈரம் ஏறினால் தோல் தளர்ந்து சுதி இறங்கும். பகல் வெயிலில் ரவை காய்ந்து உதிரும். தப்பு அடிப்பவர்கள் நடுவில் நிறுத்தி, வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சிக்கொண்டு திரும்பி வருவதைப் பார்த்திருப்பீர்கள். திரும்பி வந்ததும் சத்தம் கணீரென்று எகிறும். அந்த ஏற்றம் அந்த இரவின் ஈரத்தோடு சம்பந்தப்பட்டது, பதிவில் அது வெறும் சத்த வித்தியாசம்.

இடமும் வாசிக்கும். ராமேஸ்வரம் கோயிலின் மூன்றாம் பிரகாரம் கிழக்கு மேற்காகச் சுமார் 197 மீட்டர். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும் என்றால், அந்தக் கோடியில் விழும் தவில் அடி இந்தக் கோடிக்கு அரை நொடிக்கு மேல் கழித்துத்தான் வருகிறது, அதுவும் கல் தூண்களில் சிதறி நீண்டு. சுவாமி புறப்பாட்டின்போது நாகஸ்வரம் தூரத்தில் தொடங்கி நெருங்கி வந்து கடந்து போவதை ஒரு தூணோரம் நின்றபடி கேளுங்கள். தூரத்தில் எல்லாம் குழைந்து ஒரே நாதமாக இருக்கும். நெருங்க நெருங்க ஒவ்வொரு பிருகாவும் (வேகமான சுர உருட்டும்) தனித்துத் தெரியும். கடந்ததும் மறுபடி குழையும். இதே விளைவுக்காக வெளிநாட்டில் ஒலிபெருக்கிகளை அறை முழுக்கப் பரப்பி வைத்துக் கச்சேரி செய்கிறார்கள், காசு கொடுத்துப் போய்க் கேட்கிறார்கள்.

நம் கரையின் மற்ற சமாச்சாரங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கரகாட்டத்துக்கு வாசிக்கும் நையாண்டி மேளத்தில் இரண்டு தவில்காரர்கள் எதிரெதிரே நின்று போட்டி போடும் இடம் வந்தால் ஆட்டத்தை மறந்துவிட்டு அதைக் கேளுங்கள். ஏர்வாடி சந்தனக்கூடு சமயத்தில் பக்கீர்கள் தாயிரா என்ற தோல்கருவியை அடித்துப் பாடுவது இன்னொரு உலகம். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடியே வெறியேற்றுவார்கள், வேகம் எப்போது கூடியது என்று உங்களால் சொல்ல முடியாது. முளைப்பாரிக் கும்மியில் பெண்கள் கைத்தட்டு இரட்டிப்பாகும் இடம். கரைவலை இழுப்பவர்களின் அம்பாப் பாட்டு: முன்பாட்டுக்காரர் ஒரு வரி எடுக்க, மற்றவர்கள் இழுவையோடு சேர்த்து விடை சொல்வார்கள். இப்போது அது அருகிவிட்டது. பெரியவர்கள் யாராவது பாடினால் அதைப் பாட்டாகக் கேட்டால் சாதாரணமாக இருக்கும். கயிற்றில் நீங்களும் ஒரு கை கொடுத்துக்கொண்டே கேட்டால் எங்கே மூச்சு விடவேண்டும் என்பதை அந்தத் தாளமே சொல்லித் தரும்.

ஒன்று மட்டும் கறாராகச் சொல்லவேண்டும். தப்பும் உறுமியும் வாசிப்பவர்களை நகரத்து மேடையில் ஏற்றிக் கைதட்டிவிட்டு, ஊரில் அவர்களுக்குத் தனிக்குவளை வைத்த வரலாறு நமக்கு உண்டு. கேட்கப் போனால் பக்கத்தில் உட்கார்ந்து, பெயர் கேட்டு, மரியாதையாகப் பேசிக் கேளுங்கள். அனுமதி இல்லாமல் கைப்பேசியில் பிடித்து வலையில் ஏற்றாதீர்கள். வாசிப்பு பிடித்திருந்தால் காசு கொடுங்கள், அது அவர்கள் தொழில்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. புதுமை என்று பெயர் வைத்ததெல்லாம் நன்றாக இருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஃப்யூஷன் என்ற பெயரில் வரும் கச்சேரிகளில் எனக்குப் பாதிக்குமேல் பிடிப்பதில்லை. ஆளுக்கு ஐந்து நிமிடம் தனித்தனியாகத் தங்களுக்குத் தெரிந்ததை வாசிப்பார்கள், கடைசியில் எல்லோரும் சேர்ந்து வேகமாக அடிப்பார்கள், கைதட்டல் விழும். யாரும் யாரையும் கேட்டிருக்க மாட்டார்கள். கண்டுபிடிப்பது சுலபம்: ஒருவர் வாசிக்கும்போது மற்றவர்கள் எங்கே பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தால் அவ்வளவுதான். சலித்தால் எழுந்து வரலாம், பாவமில்லை. ஆனால் அதே ஆட்களை இன்னொரு முறை வேறு இடத்தில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். துணிந்து வாசிப்பவர்களுக்குச் சில இரவுகள் சரிந்துதான் போகும்; எல்லா இரவும் ஒரே மாதிரி ஜெயித்தால் அவர்கள் துணியவில்லை என்று அர்த்தம்.

சென்னைக்குப் போகணுமா என்றால், முடிந்தால் போங்கள், அவசியம் என்று இல்லை. மார்கழியில் சபாக்களில் பகல் கச்சேரிகள் பலவற்றுக்குக் கட்டணம் கிடையாது. இளையவர்கள் வாசிக்கும் நேரம் அது, துணிச்சலும் அவர்களிடம்தான் அதிகம். திருவையாற்றில் தை மாதத்தை ஒட்டி வரும் தியாகராஜ ஆராதனை இலவசம். ஆரோவில், புதுச்சேரிப் பக்கம் பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து வாசிக்கும் நிகழ்ச்சிகள் அடிக்கடி நடக்கும். எங்கே போனாலும் ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே உட்காராமல், பக்கவாட்டில், தாளம் வாசிப்பவரின் கை தெரியும் இடத்தில் உட்காருங்கள். நாடகத்தில் என்றால் ஆர்மோனியம் இருக்கும் பக்கம். முதல் பத்து நிமிடம் எதையும் புரிந்துகொள்ள முயலாதீர்கள், எண்ணிக்கை எங்கே விழுகிறது என்று மட்டும் கை தேடட்டும்.

கடைசியாகக் காது. எங்கள் தொழிலில் இதை யாரும் சொல்லித்தருவதில்லை. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு, 85 டெசிபல் என்றால் நாளுக்கு எட்டு மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குப் பதினைந்து நிமிடம்தான். திருவிழா ரேடியோ செட்டுக்குப் பக்கத்திலோ, இரண்டு தவிலுக்கு நடுவிலோ அதை எட்டுவது ஒன்றும் பெரிய விஷயமில்லை. கச்சேரி முடிந்தும் காதில் இரைச்சல் இருந்தால் அளவு மீறிவிட்டது என்று பொருள். மறுநாளும் இருந்தால் காது மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்துக் கடையில் நுரை அடைப்பான் கிடைக்கும், விலை குறைவு. பஞ்சு போதாது, அது சத்தத்தைப் பெரிதாகத் தடுக்காது. அடைப்பானை விரலால் உருட்டிச் சன்னமாக்கி, காது மடலை மேலே இழுத்துப் பிடித்துச் செருகி, அது விரியும் வரை சற்று அழுத்திப் பிடிக்கவேண்டும். முதலில் எல்லாம் மந்தமாகக் கேட்கும், சற்று நேரத்தில் பழகிவிடும்.